ஐந்து நிமிட இருட்டு

நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். சேலத்தில் ஒரு கல்லூரியில் வேலை. சம்பளம் கிடைத்தது வகுப்பில் பேசியதற்கு. பெயர் கிடைத்தது வெளியே பேசியதற்கு. எழுபதுகளின் நடுவில் தொடங்கிப் பல வருடங்கள், சனி ஞாயிறுகளில் ஓமலூர், ராசிபுரம், மல்லசமுத்திரம், நாமக்கல் என்று பஸ் போகிற ஊருக்கெல்லாம் போய் வானத்தைப் பற்றிப் பேசினேன். பள்ளிக்கூடத் திடல், நெசவாளர்கள் பாவு நீட்டும் தெரு, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையின் முன்வாசல், எங்கே கொஞ்சம் பேர் உட்கார முடியுமோ அங்கே. கல்லூரியின் சின்னத் தொலைநோக்கி ஒரு மரப்பெட்டிக்குள் என் மடியிலேயே பயணம் செய்யும்.

கூட்டத்தில் நல்ல கேள்விகள் வரும். "ஏனுங்க வாத்தியாரே, ராக்கெட்டு கெளம்பறப்ப தரையை உந்திக் கெளம்புது, சரி. மேல போனப்புறம் அங்க தரையே இல்லீங்களே, எதைய உந்திப் போவுதுங்க?" என்று ஒருவர் கேட்டார். தோட்டத்தில் மோட்டாரைப் போட்டதும் ரப்பர் குழாய் பின்னால் துள்ளுவதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பார்த்திருந்தார். தண்ணீர் தரையில் போய் விழுவதற்கு முன்பே குழாய் துள்ளிவிடுகிறது அல்லவா? தண்ணீர் முன்னால் பாய்வதே குழாயைப் பின்னால் தள்ளுகிறது. ராக்கெட்டுக்கும் அவ்வளவுதான், புகையை வெளியே தள்ளுவதே போதும், தரை வேண்டாம். அவர் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. அந்த மலர்ச்சிக்காகவே அடுத்த சனிக்கிழமை மறுபடி பஸ் ஏறுவேன்.

ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவேன். "இயற்பியல்ல ரெண்டே பாடம். ஒண்ணு, கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க. ரெண்டு, கணக்குத் தப்புன்னு தெரிஞ்சா அந்த நிமிசமே ஒத்துக்குங்க." கைதட்டுவார்கள். அந்த இரண்டாவது பாடத்தை என் சொந்தத் தோட்டத்தில், என் சொந்தத் தங்கையின் விஷயத்தில் நான் எப்படிக் கைவிட்டேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் நாமக்கல்லுக்குப் பக்கம். கடலையும் சோளமும் மரவள்ளியும் விளையும் மேட்டுக்காடு. ஒரு பிள்ளையைத்தான் படிக்கவைக்க முடியும் என்று அப்பா கணக்குப் போட்டார். அந்தப் பிள்ளை நானாக இருந்தேன். தங்கையை எட்டாவதோடு நிறுத்தினார்கள். நான் விடுமுறைக்கு வந்தால் என் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு படம் பார்ப்பாள். படம் தீர்ந்ததும் கேள்வி தொடங்கும். நிலா நம்மோடு நடந்து வருகிறதே, அதே நேரத்தில் எதிரே போகிறவனோடும் எப்படி நடக்கும்? கிணற்றில் எட்டிப் பார்த்தால் ஆழம் ஏன் குறைவாகத் தெரிகிறது? நான் சொல்லுவேன். விடை சரியாகப் பொருந்தாவிட்டால் விடமாட்டாள்.

அவளைத் திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை வண்டியோடு வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். திரும்பி வந்தால் அவள் மேல் கை நீளும். குழந்தை இல்லை என்ற பேச்சு அந்த வீட்டில் சோற்றோடு சேர்ந்து தினமும் வெந்தது. சில வருடங்கள் பொறுத்திருந்துவிட்டு, ஒருநாள் பொழுதோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டாள். அம்மா அப்போது உயிரோடு இல்லை. அப்பா திட்டவுமில்லை, வா என்று சொல்லவுமில்லை. மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட எழுந்து போனார்.

அந்த வருடங்களில்தான் எங்கள் பக்கம் கோழிக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. மழையை நம்பி ஏமாந்தவர்கள் முட்டையை நம்பத் தொடங்கியிருந்தார்கள். தானும் ஒரு கொட்டகை போட்டு நடத்துவதாகத் தங்கை சொன்னாள். அப்பா நெடுநேரம் யோசித்தார். நான் அன்று அங்கே இருந்தேன்.

"இதா பாரு அம்மிணி, அந்தக் கல்லாங்காட்டுல கொட்டாய் போட்டுக்க. இந்த ஒரு ஈடு குஞ்சு முட்டைக்கு வரட்டும். வந்துச்சுன்னா நீ ஆயுசுக்கும் இங்கயே இரு, உன்னிய ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வரலீன்னா மாப்பளை ஊட்டுக்குப் போயிரோணும். சனம் கேக்கறதுக்கெல்லாம் என்னால பதில் சொல்ல முடியாது."

"சரீங்கப்பா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. எந்தப் பத்திரத்தையும்விட அது உறுதியானது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

கொட்டகை எழுந்தது. இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கம்பிவலை, மேலே ஓடு. தரையில் கடலைத் தோலை மெத்தை போலப் பரப்பி, நடுவே தகரக் குடைகளைத் தொங்கவிட்டு, குடைக்குள் பல்புகளை எரியவிட்டாள். ஒருநாள் வயதுக் குஞ்சுகள் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கின. தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்கு அந்தப் பல்புதான் தாய். இரவும் பகலும் எரிய வேண்டும். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத காலம்; அதனால் கொட்டகைக்குள் ஒரு அரிக்கேன் லாந்தரும் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அவள் கட்டிலை அங்கேயே போட்டுக்கொண்டாள். நான் கல்லூரியிலிருந்து பழைய வெப்பமானி ஒன்றைக் கொண்டுவந்து ஆணியடித்து மாட்டினேன். அதைப் பார்த்துப் பார்த்துக் குடையை ஏற்றுவாள், இறக்குவாள். பல வருடங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் பழைய வெளிச்சத்தைப் பார்த்தேன்.

ஒரு மாலை கொட்டகை வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தோம். வானத்தில் நட்சத்திரங்கள் வரத் தொடங்கியிருந்தன.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"இந்தக் கொட்டாயில மொதல்ல ஒரு பல்பு போட்டேன். நாலு மூலையும் இருட்டு. அப்புறம் ஒவ்வொண்ணாச் சேத்தச் சேத்த இருட்டே இல்லாமப் போச்சு. நீங்க என்னடான்னா ஆகாசத்துக்கு முடிவே கெடையாது, நட்சத்திரம் எண்ணித் தீராதுங்கறீங்க. அத்தனை பல்பு எரிஞ்சா எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரு நட்சத்திரம் இருக்கோணுமில்லீங்களா? பின்ன ராத்திரி எதுக்குங்க இருட்டா இருக்குது?"

எனக்கு விடை தெரியவில்லை. முதுகலைப் பட்டம் வாங்கியவன், அந்தக் கேள்வியை எந்தப் பரீட்சையிலும் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"அங்கயும் கரண்டு கட்டு அம்மிணி" என்றேன்.

அவள் சிரித்தாள். "சும்மா சொல்லாதீங்கண்ணா" என்றாள். பிறகு சொல்கிறேன் என்று பேச்சை மாற்றினேன்.

நம் நாட்டு விமானி ஒருவர் முதன்முதலாக விண்வெளிக்குப் போய் வந்த வருடம் அது. எங்கே போனாலும் கூட்டம் சேர்ந்தது. வெளியூரெல்லாம் பேசுகிறாய், நம்ம காட்டில் ஒருதரம் பேசக்கூடாதா என்று அப்பா கேட்டார். எனக்கும் ஆசைதான். மார்கழி அமாவாசையைத் தேர்ந்தெடுத்தேன். நிலா இருக்காது, அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கம் என்பதால் ஆட்களுக்கும் ஓய்வு. கல்லாங்காட்டில் கொட்டகையை ஒட்டி ஒரு பெரிய சமதளப் பாறை உண்டு. அதுதான் மேடை.

பொழுது இறங்கும்போதே சனம் வந்துவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், பெண்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்து மாமா முன்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஏன் மாப்பளே, அஞ்சாறு வருசத்துக்கு முந்தி ஆகாசத்துல இருந்து என்னமோ ஒடைஞ்சு உழுவப் போவுதுன்னு ரேடியோவுல சொன்னான். சாகறதுதான் சாகறோம், தின்னுட்டாவது சாவலாம்னு எங்கூட்டுல ரெண்டு கெடாயை அடிச்சோம். ஒரு எழவும் உழுவல. அந்தக் கெடாய்க்கு ஆரு பொறுப்பு?"

"உங்க நாக்குத்தாங்க மாமா பொறுப்பு" என்றேன். பாறையே சிரித்தது.

முதலில் மேற்கே வெள்ளியைக் காட்டினேன். தொலைநோக்கியில் அது பாதி நிலாவைப் போலத் தெரியும். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். நன்றாக இருட்டியதும், அன்றைக்கு நான் பெரிதாக வைத்திருந்த விஷயத்துக்கு வந்தேன். வடக்கே, உச்சிக்குச் சற்றுக் கீழே, ஆண்ட்ரோமீடா என்று ஒரு விண்மீன் கூட்டம். நம்முடைய நட்சத்திர மண்டலத்துக்கு வெளியே, வேறொரு மண்டலம். மனிதக் கண் எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்கக்கூடியவற்றில் ஏறக்குறைய மிகத் தொலைவில் இருப்பது அதுதான். அதிலிருந்து இன்று நம் கண்ணுக்கு வரும் ஒளி, இருபது லட்சம் வருடங்களுக்கு முன் கிளம்பியது. ஆனால் அது மங்கல். நல்ல இருட்டு வேண்டும். கொட்டகையின் கம்பிவலை வழியாக மஞ்சள் வெளிச்சம் பாறை முழுவதும் விழுந்துகொண்டிருந்தது.

"அம்மிணி, கொட்டாய் லைட்டை ஒரு அஞ்சு நிமிசம் அணைச்சுரு."

அவள் கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். தயங்கினாள்.

"ஏனுங்கண்ணா, குஞ்சு இருக்குதுங்களே. அதுக பொறந்ததுல இருந்து இருட்டையே பாத்ததில்லீங்க."

அவள் சொன்ன சொல் இதுதான். பல ஆயிரம் முறை அதை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒரு எழுத்தும் மாறவில்லை. அவள் இருட்டைப் பற்றிச் சொன்னாள். நான் அதைக் குளிர் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த இயற்பியலில் குளிருக்கு விதி இருந்தது, பயத்துக்கு இல்லை.

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி அதையே பாடமாக்கினேன். "வெந்நிப் பானையை அடுப்புல இருந்து எறக்குனதும் ஆறிப்போயிருதுங்களா? இல்லை. சுத்தி இருக்கற காத்துக்கும் பானைக்கும் சூட்டுல எவ்வளவு வித்தியாசமோ, அதுக்குத் தக்கபடிதான் ஆறும். மெதுவா ஆறும். கொட்டாயில சுவரு சூடு, தரை சூடு, கடலைத் தோலு சூட்டை விடாது. அஞ்சு நிமிசத்துல ஒரு டிகிரிகூட எறங்காது. எங்க தங்கச்சிக்கு அவ குஞ்சு மேல பாசம், கணக்கு மேல நம்பிக்கை இல்லை."

சிரித்தார்கள். அப்பா கட்டிலிலிருந்து, "அண்ணன் சொல்றானில்ல, அணை" என்றார்.

"லாந்தராவது இருக்கட்டுங்கண்ணா."

"அந்த லாந்தருதான் கண்ணைக் கூசுது. அதையும் ஊதி வெச்சுரு."

அவள் உள்ளே போனாள். முதலில் பல்புகள் போயின. பிறகு லாந்தர்.

பாறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. வானம் இறங்கி வந்ததுபோல இருந்தது. அதுவரை ஐம்பது அறுபது நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் இடமில்லாமல் நட்சத்திரங்கள். நான் டார்ச்சை நீட்டி வடக்கே வழி காட்டினேன். ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். "அதா, பொகையாட்டம்!" "எனக்குத் தெரியலியே." "உனக்கு என்னைக்குத்தான் தெரிஞ்சுது?" நான் பேசிக்கொண்டே போனேன். இந்த ஒளி கிளம்பியபோது பூமியில் நம்மைப் போன்ற மனிதனே இல்லை. இப்போது அங்கே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரிய இன்னும் இருபது லட்சம் வருடம் காத்திருக்க வேண்டும். நாம் பார்ப்பது எல்லாமே பழைய செய்தி. அன்றைக்குப் போல நான் எங்கும் பேசியதில்லை.

நடுவில் கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தகரத்தில் தூறல் விழத் தொடங்குவதுபோல. சிறிது நேரம் கூடிக்கொண்டே போய், அடங்கியது. குஞ்சுகள் தூங்கிவிட்டன என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் எதையும் நினைக்கவில்லை, பேச்சை நிறுத்த விரும்பவில்லை.

"அண்ணா, போட்டுறட்டுங்களா?"

"இரு அம்மிணி, தலைவர் இன்னும் பாக்கல. நீயும் வந்து பாரேன்."

வந்தாள். அவசரமாகக் குனிந்து தொலைநோக்கியில் பார்த்தாள். நிமிர மனமில்லாமல் ஒரு கணம் அப்படியே இருந்தாள்.

"கண்ணாடியில மூச்சு உட்டாப்ல இருக்குதுங்கண்ணா" என்றாள்.

இத்தனை வருடத்தில் அந்த மண்டலத்துக்கு அதைவிடப் பொருத்தமான வர்ணனையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஐந்து நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. அவள் ஓடிப்போய் விளக்கைப் போட்டாள். மஞ்சள் வெளிச்சம் மறுபடி பாறை மேல் விழுந்தது. ஆட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள். உள்ளே இருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. அதனாலேயே உள்ளே போனேன்.

குஞ்சுகளைச் சுற்றி வட்டமாக வைத்திருந்த தகரத் தட்டியை முந்தின நாள்தான் எடுத்திருந்தாள். வளர்ந்துவிட்டன, ஓடியாடட்டும் என்று. தட்டி இல்லாத கொட்டகைக்கு மூலைகள் இருந்தன. வடக்கு மூலையில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒரு குவியலாகக் கிடந்தன. அவள் மண்டியிட்டு மேலே இருந்தவற்றை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பின்னால் விட்டுக்கொண்டிருந்தாள். மேலே இருந்தவை தள்ளாடி ஓடின. அடியில் இருந்தவை ஓடவில்லை. நானும் மண்டியிட்டு எடுத்தேன். தட்டையாகி, கழுத்து நீண்டு கிடந்தன. சூடாக இருந்தன.

பாதிக்கு மேல் போய்விட்டன.

அப்பா வந்தார். மாமா வந்தார். பின்னால் சனம் வந்து வலையில் முகம் பதித்து நின்றது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, அதற்குள் நானே வெப்பமானியின் பக்கம் போயிருந்தேன். ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. என் கணக்கு சரியாக இருந்தது. ஒரு ஆறுதல் வந்ததே, அந்த ஆறுதலை எண்ணித்தான் இப்போது கூசுகிறேன்.

"பாருங்கப்பா, சூடு அப்படியே இருக்குது" என்றேன். "லைட்டை அணைச்சதுனால இல்லை. இது நோவு. ஏற்கெனவே உள்ள இருந்திருக்கோணும்."

"மூலையில போயி ஒண்ணு மேல ஒண்ணு அம்முனாப்ல இல்ல இருக்குது மாப்பளே" என்றார் மாமா, மெதுவாக.

"நோவு வந்தா அப்படித்தாங்க மாமா, ஒண்ணாப் போயி ஒண்டும்."

கோழியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் என் குரல் நன்றாக இருந்தது. சற்று முன்புவரை இருபது லட்சம் வருடங்களைப் பற்றிப் பேசிய குரல். அப்பா குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"கெவருமெண்டே அவனுக்குச் சம்பளம் குடுத்துக் கேக்குது. அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நீதான் கெவனிக்காம உட்டுட்ட."

தங்கை கையில் ஒரு குஞ்சுடன் நின்றிருந்தாள். எப்போதும் விடை பொருந்தாவிட்டால் விடாதவள்.

"அப்படீங்களாண்ணா?" என்றாள்.

"ஆமா அம்மிணி" என்றேன்.

மிச்சத்தில் இன்னும் சில, நசுங்கியதிலும் நடுக்கத்திலும் அடுத்த நாட்களில் செத்தன. நோய் என்பதற்கு அதுவும் சாட்சியாகிவிட்டது. பிழைத்தவற்றை அப்பா வேறு பண்ணைக்காரருக்குக் கொடுத்தார். பொங்கல் கழிந்ததும் அவளைத் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோய் விட்டு வந்தார். நான் அன்று கல்லூரியில் இருந்தேன். லீவு போட்டிருக்கலாம்.

கொஞ்ச நாளில், ராசிபுரம் பக்கம் ஒரு கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எதையோ பேசப்போக, வெளிச்சத்திலேயே வளர்ந்த குஞ்சு திடீரென்று இருட்டானால் மிரண்டு மூலையில் போய் அடையும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும் என்று சாதாரணமாகச் சொன்னார். தலையாட்டினேன். எனக்கு அது புதிய செய்தி அல்ல. அந்தக் குவியலில் கை வைத்தபோதே தெரிந்ததுதான். அளவு சரி, கேள்வி தப்பு. குளிர்ந்ததா என்று அளந்தேன். பயந்ததா என்று அளக்க என்னிடம் கருவி இல்லை, அதனால் அந்தக் கேள்வியே இல்லை என்று சாதித்துவிட்டேன்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து அப்பாவிடம் போய்ச் சொல்லியிருந்தால் போதும். ஒரு வாக்கியம். அவர் கோபப்பட்டிருப்பார், ஆனால் நியாயமான மனிதர்; அவளைத் திரும்ப அழைத்து வந்திருப்பார். நான் போகவில்லை. பல காரணங்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜமான காரணம், அப்பா என்னை நம்பிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. படிக்க வைத்ததற்கு நான் கொடுத்த ஒரே வட்டி அதுதான் என்று நினைத்தேன். அந்த வட்டியை அவள் கட்டினாள்.

வால்நட்சத்திரம் வந்த வருடம் அவள் வீட்டுக்கு ஒருமுறை போனேன். மாப்பிள்ளை ஊரில் இருந்த நேரம். காப்பி கொண்டுவந்து வைத்தாள். முழங்கைக்கு மேல் ஒரு பழைய கன்றல், சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். எழுபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை வருவது, விடியற்காலை தெற்கே பார்த்தால் தெரியும், வருகிறாயா, காட்டுகிறேன் என்றேன்.

"இருக்கட்டுங்கண்ணா. பாத்தரம் கெடக்குது" என்றாள்.

அதற்குச் சற்றுப் பிறகுதான் அவளுடைய கேள்விக்கு விடையைப் படித்தேன். பெரிய பெரிய அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் குழம்பிய கேள்வி அது. அடர்ந்த தோப்புக்குள் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு மரத்தில்தான் பார்வை முட்டும், இடைவெளியே தெரியாது. முடிவில்லாத வானத்தில் என்றென்றும் நட்சத்திரங்கள் எரிந்துகொண்டிருந்தால் அதேபோல எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு நட்சத்திரம் இருக்க வேண்டும், இரவு என்றே ஒன்று இருக்கக் கூடாது. இரவு இருட்டாக இருக்கிறது என்றால், நட்சத்திரங்கள் என்றென்றும் இருந்தவை அல்ல. பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. தொலைவில் இருப்பவற்றின் ஒளி நம்மிடம் வந்து சேர இன்னும் நேரம் போதவில்லை. வந்த ஒளியும், பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதால் நீண்டு, கண்ணுக்குத் தெரியாததாக நலிந்துவிடுகிறது. எட்டாவது படித்தவள் கோழிக் கொட்டகைப் பல்பிலிருந்து அந்தக் கேள்வி வரைக்கும் தானாகவே நடந்து வந்திருந்தாள். நான் அவளை வாசலில் நிறுத்தி ஒரு நகைச்சுவை சொல்லி அனுப்பியிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் அப்பா இறந்துபோனார். தங்கை வந்தாள். சாம்பல் கரைத்துவிட்டு வந்த மாலை, சனம் கலைந்தபின், அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் எரியும் விளக்கின் பக்கத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவளை அழைத்துப்போக அவர்கள் வீட்டு வேன் வெளியே நின்றிருந்தது. எனக்குத் தைரியம் வந்தது. அப்பா இல்லாததால் வந்த தைரியம் அது என்று அப்போது புரியவில்லை.

எளிதானதிலிருந்து தொடங்கினேன். "அம்மிணி, நீ ஒரு கேள்வி கேட்டியே, ராத்திரி எதுக்கு இருட்டா இருக்குதுன்னு. அதுக்கு விடை தெரிஞ்சுது."

"நான் கேட்டனுங்களா? எப்பங்க?"

சொன்னேன். தோப்பையும் மரத்தையும் சொன்னேன். தொடக்கத்தைச் சொன்னேன். திரியை ஒரு குச்சியால் தூண்டிக்கொண்டே கேட்டாள். "அப்படீங்களா" என்றாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அந்த விடையில் அவள் பிடித்து இழுக்க எத்தனையோ நூல்முனைகள் இருந்தன.

பிறகு சொன்னேன். "அன்னைக்குக் குஞ்சுக செத்தது நோவுனால இல்லை அம்மிணி. இருட்டுனாலதான். நான் சொன்னது பொய்."

அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

"தெரியுமுங்கண்ணா. அடியில கெடந்ததையெல்லாம் பிரிச்சு எடுத்தவ நானுங்களே. எனக்குத் தெரியாதுங்களா?"

"பின்ன எதுக்கு ஒண்ணும் சொல்லல?"

"நீங்க ஆமான்னீங்க" என்றாள். பிறகு, "என்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமுங்க. சாகற வரைக்கும் நாந்தான் கெவனிக்காம உட்டுட்டேன்னு நெனச்சுட்டே போயிட்டாரு" என்றாள்.

வெளியே வேன் ஆரன் அடித்தது. எழுந்தாள். கிண்ணத்திலிருந்து விளக்கில் எண்ணெய் ஊற்றினாள்.

"கருமாதி வரைக்கும் இது அணையக் கூடாதுங்க. பாத்துக்குங்கண்ணா. நான் போயிட்டு வாரேன்."

வேன் கல்லாங்காட்டை ஒட்டித்தான் போக வேண்டும். கொட்டகையில் அப்போது சோளத்தட்டு அடுக்கியிருந்தோம். அதைத் தாண்டும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று வாசலில் நின்று பார்த்தேன். வண்டிக்குள் இருட்டாக இருந்தது, பார்த்தாளா என்று தெரியவில்லை.

உள்ளே வந்து விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்தேன். காற்றடித்தபோது கையால் மறைத்துக்கொண்டேன். அவள் சொன்ன நாள்வரை அது அணையவில்லை.